பதினைந்தாம் தேதிப் பணம்

கிராமத்து மளிகைக் கடைகளில் பற்று நோட்டு என்று ஒன்று இருக்கும். நீளவாக்கில் மடித்த நாற்பது பக்க நோட்டு, அட்டையில் கடைக்காரர் கையெழுத்தில் வீட்டுக்காரர் பெயர். உள்ளே எண்ணெய் கால் லிட்டர், துவரம்பருப்பு கால் கிலோ, சோப்பு ஒன்று என்று தேதிவாரியாக எழுதியிருக்கும். இந்தக் கணக்கை எப்போது தீர்ப்பார்கள்? வாத்தியார் வீடு, மின்வாரியத்துக்காரர் வீடு என்றால் ஒன்றாம் தேதி. மற்ற வீடுகளுக்குத் தேதி கிடையாது. நடவுக் கூலி வந்தால், நெல் போட்ட காசு கைக்கு வந்தால், கட்டட வேலைக்குப் போனவர் சனிக்கிழமை கூலியோடு திரும்பினால், நூறு நாள் வேலைக் காசு கணக்கில் ஏறினால். எல்லாமே 'வந்தால்'தான். 2023 செப்டம்பருக்குப் பிறகு இந்த வீடுகளின் நோட்டுக்கும் ஒரு தேதி கிடைத்தது: பதினைந்து.

அந்த மாதம் 15ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில், காஞ்சிபுரத்தில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய், நேராக அவருடைய வங்கிக் கணக்கில். 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னது நடைமுறைக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் பேர், முதல் சுற்றில் தேர்வானவர்கள் 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம். மேல்முறையீடுகளுக்குப் பிறகு எண்ணிக்கை இன்னும் ஏறியது. பெண்கள் வீட்டில் செய்யும், யார் கணக்கிலும் வராத உழைப்புக்கு இது அங்கீகாரம், அதனால்தான் 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்கிறோம் என்றது அரசு. ஊரில் இந்த இரண்டு பெயரையும் அதிகம் கேட்க முடியாது. "ஆயிரம் ரூபா ஏறிடுச்சா?" அவ்வளவுதான்.

ஏறிய அந்த ஆயிரம் ஒரு ஏழைக் குடும்பத்துக்குள் போய் என்ன செய்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஓட்டுக்காகத் தரும் இலவசம் என்று ஒரு தரப்பு, பெண் விடுதலையின் அடுத்த கட்டம் என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் தொகையைப் பற்றியே பேசுகின்றன. எனக்கென்னவோ தொகையைவிடத் தேதிதான் பெரிய விஷயம் என்று படுகிறது.

ஆயிரம் என்பது எவ்வளவு?

முதலில் தொகையையே பார்த்துவிடலாம். மத்திய அரசின் 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 5,310 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 21,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதில் ஆயிரம் என்பது ஐந்து சதவீதம்கூட இல்லை. ஆனால் சராசரி என்பது பெரிய விவசாயியையும் அவர் வயலில் களை பறிப்பவரையும் கூட்டி வகுத்து வருவது. அதே ஆய்வில், இந்தியக் கிராமங்களில் மிகக் கீழே இருக்கும் ஐந்து சதவீத மக்களின் செலவு ஆளுக்கு 1,373 ரூபாய். அப்படி ஒரு நான்கு பேர் வீட்டின் மொத்த மாதச் செலவே ஐயாயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கிவிடும். அங்கே ஆயிரம் என்பது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

கூலிக் கணக்கில் சொன்னால், 2023-24இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 294 ரூபாய். அந்த முழுக் கூலியும் கிடைத்தால் மூன்றரை நாள் வேலை. அடுப்புக் கணக்கில் சொன்னால், திட்டம் தொடங்கிய மாதம் சென்னையில் சமையல் எரிவாயு உருளை 918 ரூபாய் 50 காசு. டெலிவரி பையனுக்கு வழக்கமாகக் கொடுப்பதையும் சேர்த்தால் ஒரு உருளைக்குச் சரியாகப் போய்விடும்.

ஆக, இந்தப் பணத்தில் குடும்பம் நடத்த முடியாது. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. அப்புறம் ஏன் விண்ணப்ப முகாம்களில் அத்தனை கூட்டம்? ரேஷன் கடை வழியாக டோக்கன் வாங்கி, ஆதாரும் மின்கட்டண அட்டையும் கையில் வைத்துக்கொண்டு, விரல்ரேகை எடுக்காத இயந்திரத்தோடு மல்லுக்கட்டி, பெண்கள் நாள்முழுக்க நின்றார்களே?

கால் காசு உத்தியோகம்

"கால் காசு உத்தியோகம் என்றாலும் கவர்மென்ட் உத்தியோகம்" என்பார்கள். கிண்டலாகவே மேற்கோள் காட்டப்படும் பழமொழி. ஆனால் அதைச் சொன்னவர்களுக்குப் பொருளாதாரம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. கால் காசுக்குக் கவர்ச்சி அதன் அளவில் கிடையாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், முதலாளிக்குக் கோபம் வந்தாலும் வராவிட்டாலும், குறித்த நாளில் வரும் என்பதில் இருக்கிறது.

கிராமத்து ஏழைக் குடும்பத்தின் வருமானம் குறைவு என்பது பாதி உண்மைதான். அது தாறுமாறாக வருகிறது என்பது மறு பாதி. நடவும் அறுப்பும் இருக்கும்போது கணவன் மனைவி இருவருக்கும் வேலை இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாள் யாருக்கும் வேலை இருக்காது. மேசன் வேலைக்கும் போக முடியாது. செலவுக்கு அந்தப் பருவமெல்லாம் தெரியாது. அந்தப் பத்து நாளில்தான் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், கூரை ஒழுகும். வருமானம் ஒரு பக்கமும் செலவு ஒரு பக்கமும் போக, நடுவில் இருக்கும் இடைவெளியைக் கடன்தான் நிரப்புகிறது.

அந்தக் கடனிலும் பல படிகள் உண்டு. மேலே இருப்பது பற்று. வட்டி கிடையாது, ஆனால் விலையிலேயே அது ஒளிந்திருக்கும். கடன் சொல்லி வாங்குகிறவர் தரம் கேட்டுப் பேச முடியாது. அடுத்தது கைமாற்று, ஐந்நூறு, ஆயிரம், உறவுக்குள். அதற்கும் கீழே நகை அடகு, அதாவது ஆண்டுக்கொரு முறை வட்டியைக் கட்டி அதே நகையைத் திருப்பி வைக்கும் சடங்கு. அதற்கும் வழியில்லாதவர்களுக்கு வட்டிக்காரர். மூன்று வட்டி, ஐந்து வட்டி, பத்து வட்டி என்பதெல்லாம் நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கு. பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது, பத்து வட்டி என்ற சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது.

இந்த ஏணியில் நிச்சயமான ஆயிரம் ரூபாய் செய்யும் வேலை என்ன? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு பெண் மழைமாதச் செலவுக்காக ஐந்து வட்டிக்கு 3,000 ரூபாய் வாங்குகிறார். மாதம் 150 வட்டி. கூலி சரியாக வராத வீட்டில் அசலைத் தொடவே முடியாது. வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருந்தால் இருபது மாதத்தில் வட்டியே 3,000 ஆகிவிடும், அசல் அப்படியே நிற்கும். மாதம் ஆயிரம் கட்டாயம் வரும் என்றால், நான்காவது மாதத்தில் அந்தக் கடனை வட்டியோடு கட்டி முடிக்கலாம். அல்லது, அந்த 3,000ஐ வட்டிக்காரரிடம் போகாமல் கடைக்காரரிடமே பற்றாக வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பதினைந்தாம் தேதி வரும் என்பது கடைக்காரருக்கும் தெரியும். கையில் பணம் இல்லாத நாளில்கூட இந்தப் பணம் வேலை செய்கிறது. வரப்போகும் பணத்தை நம்பி ஏணியில் ஒரு படி மேலே நின்று கடன் வாங்க முடிகிறது.

இன்னொன்று, கேட்பதற்கும் ஒரு விலை உண்டு. பண்ணை வீட்டில் முன்பணம் கேட்டு நிற்பவர், அடுத்த அறுப்பில் அவர்கள் சொல்லும் கூலிக்கு அங்கேதான் போக வேண்டும். இது தமிழ்நாட்டில் மட்டும் உள்ள கதை இல்லை. 2011-12இல் மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களில் 'சேவா' என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் நிதியுதவியோடு ஒரு பரிசோதனை நடத்தியது. எட்டுக் கிராமங்களில் எல்லாப் பெரியவர்களுக்கும் மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100. ஓராண்டுக்குப் பிறகு 300, 150. நிபந்தனை எதுவும் இல்லை. தனியாக ஒரு பழங்குடிக் கிராமத்திலும் செய்து பார்த்தார்கள். பணம் வராத கிராமங்களோடு ஒப்பிட்டபோது குழந்தைகளின் ஊட்டச்சத்தும் பள்ளிக்குப் போவதும் மேம்பட்டிருந்தன. ஆடு மாடுகள் கூடின. கடன்சுமை குறைந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போவது குறைந்து, சொந்தத் துண்டு நிலத்தில் வேலை செய்வது கூடியது. கடனுக்காக ஒருவரிடமே அடைபட்டு வேலை செய்தவர்கள் சிலருக்கு அதிலிருந்து வெளியே வர வழி கிடைத்தது.

'சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்' என்பதற்கு இதுவே பாதிப் பதில். மீதிப் பதில், அதை யார் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. "வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை" என்ற நிலக்காரரின் புலம்பல் பொய் என்று சொல்ல மாட்டேன். நூறு நாள் வேலை வந்தபோதும் இதே புலம்பல் எழுந்தது. பழைய கூலிக்கு, பழைய மாதிரி கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது அதன் முழு வாக்கியம். சிறு விவசாயியும் அந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதால் இதை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. நெல்லுக்கு விலை கட்டுப்படியாகாதவர் கூலியை எங்கிருந்து கூட்டுவார்?

யார் கையில்?

எப்போது பணம் கொடுக்கும் பேச்சு வந்தாலும் டீக்கடையில் அடுத்த வரி தயார்: "எல்லாம் டாஸ்மாக்குக்குத்தான் போகும்." அரசே ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறது என்ற இந்தக் குத்தலில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். உரிமைத் தொகைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியது 13,807 கோடி. ஆனால் உதவிப் பணத்தைக் குடிக்கிறார்களா என்பது வேறு கேள்வி, அதை உலகம் முழுக்கப் பலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவான்ஸ், அன்னா போபோவா இருவரும் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பண உதவியால் மது, புகையிலைச் செலவு கூடியதற்குப் பொதுவான ஆதாரம் கிடைக்கவில்லை. மத்தியப் பிரதேசப் பரிசோதனையிலும் அப்படித்தான்.

பணம் பெண் பெயரில் வருவதால் வித்தியாசம் உண்டா? உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான சாட்சி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. நிறவெறி ஆட்சி முடியும் காலத்தில் அங்கே முதியோர் ஓய்வூதியம் கறுப்பினத்தவருக்கும் முழு அளவில் விரிந்தது. கூட்டுக் குடும்பங்கள், தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளைகள். பொருளாதார அறிஞர் எஸ்தர் டூஃப்லோ அந்தக் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்த்தார். பாட்டி ஓய்வூதியம் வாங்கும் வீட்டில் பேத்திகளின் உடல்நிலை மேம்பட்டிருந்தது. தாத்தா வாங்கும் வீட்டில் அந்த மாற்றம் தெரியவில்லை. பணம் ஒன்றுதான், அது யார் சுருக்குப் பையில் விழுகிறது என்பதில்தான் விஷயம்.

நம் ஊரில் சுருக்குப் பைக்கு வந்து சேர்வதற்குள் வழியில் சில கைகள் இருக்கின்றன. குறுஞ்செய்தி மகனுடைய போனுக்கு வரும். ஏடிஎம் கார்டின் ரகசிய எண் கணவருக்கும் தெரியும். ஏடிஎம் இருக்கும் ஊருக்கு எப்படியும் பஸ் ஏற வேண்டும்; அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தச் செலவு மட்டும் மிச்சம். திட்டம் தொடங்கிய முதல் மாதத்தில் இன்னொரு கூத்து நடந்தது. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் வந்த ஆயிரத்திலிருந்து அபராதத்தைப் பிடித்துக்கொண்டன; பழைய பாக்கி. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அரசு எச்சரிக்க வேண்டி வந்தது. ஏழையின் கணக்கில் பணம் இல்லாததற்கு அபராதம் என்ற அந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

சீட்டும் ஆடும்

மாதாமாதம் சிறிது சிறிதாகக் கொடுப்பதா, ஒரே தடவையில் மொத்தமாகக் கொடுப்பதா? கென்யாவின் மேற்கே ரரியேடா பகுதியில் 2011 முதல் 2013 வரை இதைச் சோதித்தார்கள். சில குடும்பங்களுக்கு மாதத் தவணையாகவும் சில குடும்பங்களுக்கு மொத்தமாகவும் ஒரே அளவுத் தொகை. மாதத் தவணை வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு குறைந்தது. மொத்தமாக வாங்கியவர்கள் தகரக் கூரை போட்டார்கள், நீடித்து நிற்கும் பொருள் வாங்கினார்கள். எதிர்பார்க்கக்கூடிய முடிவுதான்: ஆயிரம் ரூபாயில் கூரை மாற்ற முடியாது, அதைத் தனியாக எடுத்து வைக்கவும் ஏழை வீட்டில் இடம் கிடையாது.

இதற்குத் தமிழ்க் கிராமத்தில் நெடுங்காலமாக ஒரு வழி இருக்கிறது. பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய்ச் சீட்டு போட்டால், மாதம் ஒருத்தர் கையில் பத்தாயிரம். குலுக்கலோ ஏலமோ, அந்தந்த ஊர் வழக்கம். சீட்டு பிடிக்க ஒரே ஒரு தகுதிதான் தேவை, மாதாமாதம் தவறாமல் கட்டுவார் என்ற நம்பிக்கை. கூலி வேலை செய்யும் பெண்ணைச் சீட்டில் சேர்க்கத் தயங்குவதும் அதனால்தான். பதினைந்தாம் தேதிப் பணம் அந்தத் தயக்கத்தைக் குறைக்கிறது. அரசு தவணையாகக் கொடுப்பதை இவர்கள் தாங்களே மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ள முடியும். பத்தாயிரத்தில் குட்டியோடு ஆடு வரும், பழைய தையல் இயந்திரம் வரும், அடகில் இருக்கும் கம்மல் திரும்பும். பெரும்பாலும் கம்மல்தான் முதலில் நினைவுக்கு வரும், அதில் தப்பும் இல்லை.

சரி, பணம் வாங்காத வீட்டுக்கு இதனால் என்ன? கென்யாவிலேயே சியாயா மாவட்டத்தில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு இதைத்தான் கேட்டது. 653 கிராமங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா ஏறத்தாழ 1,000 டாலர். உள்ளே வந்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் நடமாட்டத்தை உண்டாக்கியது. கடைக்காரர், தச்சர், கூலியாள் என்று பணம் கை மாறிச் சுற்றியதில் உதவி வாங்காத குடும்பங்களின் செலவும் உயர்ந்தது. விலைவாசி ஏறியது சராசரியாக வெறும் 0.1 சதவீதம். இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. அங்கே கொடுத்தது பெருந்தொகை, அந்த வட்டாரத்தின் பொருளாதாரத்தோடு ஒப்பிட்டால் பெரிய பங்கு. நம் கிராமத்தில் 150 பெண்கள் ஆயிரம் வாங்கினால் மாதம் ஒன்றரை லட்சம், ஆண்டுக்கு 18 லட்சம் உள்ளே வருகிறது. அதில் ஊர் மளிகைக் கடைக்கும் கறிக்கடைக்கும் போவது ஊரில் சுற்றும். செல்போன் ரீசார்ஜுக்கும் எரிவாயுவுக்கும் டவுனில் இருக்கும் டிவி கடைத் தவணைக்கும் போவது அன்றே ஊரைவிட்டுப் போய்விடும்.

வாரக்குழுக்காரருக்கும் தெரியும்

நிச்சயமான பணத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது வரும் நாள் கடன் கொடுப்பவருக்கும் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. சேமிப்பு முதலில், கடன் பிறகு என்பது அந்தக் குழுக்களின் முறை. பின்னால் வாரத் தவணையில் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்கள் வந்தபோது குழு என்ற பெயரும் கூட்டாக உட்காரும் பழக்கமும் அப்படியே இருந்தன, சேமிப்புதான் காணாமல் போனது. ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும்; அதனால் வசூல் செய்யும் வேலையைப் பக்கத்து வீட்டுக்காரியே செய்துவிடுவார். ஒரு குழுக் கடனைக் கட்ட இன்னொரு குழுவில் கடன் வாங்குவது கிராமங்களில் புதிய கதை இல்லை. வசூல் மிரட்டல்களால் தற்கொலைகள் வரை போனபின், 2025இல் சட்டமன்றம் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இப்படிப்பட்ட இடத்தில் நிரந்தர மாத வருமானம் என்று ஒன்று வந்தால், அதைக் காட்டி இன்னொரு கடன் வாங்கலாம். கொடுப்பவரும் தயங்க மாட்டார். "அக்கா, பதினஞ்சாம் தேதிதான் காசு ஏறிடுச்சே" என்று வாசலில் நிற்பவரிடம் இல்லை என்று சொல்லவும் முடியாது. பற்று நோட்டைத் தீர்க்க உதவும் அதே நிச்சயம், தவணைக்காரருக்கும் உதவுகிறது. ஏற்கெனவே மூன்று குழுவில் சிக்கியிருக்கும் வீட்டில் இந்த ஆயிரம் ஒரு நாள்கூடத் தங்காது. வட்டிக்காரரிடமிருந்து மீட்பதும் வட்டிக்காரரிடம் சேர்ப்பதும் ஒரே பணம்தான், எது நடக்கும் என்பது அந்த வீட்டின் பழைய கடனைப் பொறுத்தது.

கோடு எங்கே போடுவது

எல்லோருக்கும் கொடுக்காதபோது யாருக்கு என்ற கேள்வி வந்துவிடும். உரிமைத் தொகைக்கு விதித்த வரம்புகள் இவை: ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம், கார், டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் இருக்கக் கூடாது, வீட்டில் வருமான வரி கட்டுபவரோ அரசு ஊழியரோ இருக்கக் கூடாது. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவர், வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.

தாளில் இது ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஊருக்குள் வந்தால் சிக்கல். மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வளாகத்தில் தனித்தனி அடுப்பு வைத்து, மின்சார மீட்டர் மட்டும் ஒன்று என்றால் 3,600 யூனிட் எளிதில் தாண்டிவிடும். வாடகைக்கு ஓட்டப் பழைய டிராக்டரைக் கடனில் வாங்கியவர் பட்டியலில் பணக்காரர். கார்டு பிரிக்காத வீட்டில் தலைவி யார், மாமியாரா மருமகளா? அரசுக்கு அது ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டிய பெயர், வீட்டுக்குள் அது அரசியல். ஏற்கெனவே முதியோர் உதவித்தொகை வாங்கும் மாமியாருக்கு இது கிடையாது என்பதால் சில வீடுகளில் பிரச்சினை தானாகவே தீர்ந்திருக்கும்.

நிலத்தை வைத்துக் கோடு போடும் திட்டங்களில் சிக்கல் வேறு மாதிரி. 2019இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது, ஆனால் நிலம் பெயரில் உள்ளவருக்கு. குத்தகைக்கு உழுபவர் விவசாயி இல்லை என்று அதற்கு அர்த்தம். 2018இல் தெலங்கானா தொடங்கிய ரைத்து பந்து இன்னும் ஒரு படி மேலே போய் ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்தது. நிலம் கூடுதலாக இருப்பவருக்குக் கூடுதல் உதவி. குத்தகைதாரருக்கு அங்கேயும் இல்லை. நிலமே இல்லாத பெண்ணுக்கு, அதாவது கிராமத்தின் மிக ஏழைக்கு, இந்த இரண்டிலும் இடம் கிடையாது. அந்த வகையில் ரேஷன் கார்டை அடிப்படையாக எடுத்துக்கொண்ட தமிழ்நாட்டுத் திட்டம் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது.

தகுதி இல்லாதவர் உள்ளே வருவதும் உண்டு. 2020இல் தமிழ்நாட்டில் பிரதமர் கிசான் திட்டத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய் போனது வெளியே வந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் அதில் முன்னால் நின்றன. ஊரடங்குக் காலத்தில் விதிகளைத் தளர்த்தியபோது இடைத்தரகர்கள் கணினி வழியாகவே ஆள் சேர்த்துவிட்டார்கள். அதன்பின் வந்த திட்டங்களில் இத்தனை சரிபார்ப்பு வைத்ததற்கு இந்தச் சூடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பணம் செய்யாத வேலை

தமிழ்நாட்டில் இந்த ஆயிரம் வெறும் தரையில் வந்து விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரேஷனில் அரிசி இலவசம். பள்ளியில் சத்துணவு, தொடக்கப் பள்ளியில் காலையிலும் சாப்பாடு. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. கிட்டத்தட்ட இன்னொரு உரிமைத் தொகை. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அரிசிக்கும் பஸ்ஸுக்கும் பிரசவத்துக்கும் கை நீட்ட வேண்டாம் என்பதால்தான் இந்த ஆயிரத்தால் கடனைத் தொட முடிகிறது. இவையெல்லாம் இல்லாத ஒரு மாநிலத்தில் இதே ஆயிரம் அரிசியாகவே கரைந்துவிடும்.

பெரிய வைத்தியச் செலவு வந்தாலோ ஆயிரம் எந்த மூலைக்கு? விபத்து, சிறுநீரகம், புற்றுநோய் என்று போனால் மருத்துவமனையும் காப்பீடும்தான் காப்பாற்ற வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு அந்த வேலைகளிலிருந்து அரசு மெல்ல நழுவிக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. ரேஷனை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் கணக்கில் பணம் போட்டுவிடலாம் என்ற யோசனை டெல்லியில் அவ்வப்போது எழுவதும் அடங்குவதும் வழக்கம்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வருவது. தொகையை விலைவாசியோடு கட்டி வைக்கவில்லை. 2023இல் ஆயிரத்துக்கு வாங்கியதை அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே ஆயிரத்துக்கு வாங்க முடியவில்லை. உயர்த்துவதா இல்லையா என்பது தேர்தல் காலப் பேச்சாகவே இருந்தது. இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு முதியோர் ஓய்வூதியம் ஒரு மாதிரி. 2007இல் மத்திய அரசு அந்தத் திட்டத்தை இந்திரா காந்தி பெயரில் விரிவாக்கியபோது அதன் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும், எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது அதே 200 ரூபாயாகவே இருந்தது. தமிழ்நாட்டில் ஒரு பாட்டி 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய் வாங்கினார் என்றால், மீதி ஆயிரத்தைப் போட்டது மாநிலம்.